டீச்சர் முதுகில் எழும்பாத தடிப்பு

ஒவ்வாமைத் தோல் சோதனை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மேற்பார்வை நர்ஸ் போன வாரம் என்னை போனில் கூப்பிட்டு, "ரிடையர் ஆகி வீட்ல சும்மாதானக்கா இருக்கீங்க, நம்ம பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றாள். நான் சும்மா இருக்கிறேன் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு அரித்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற வழக்கமும் எனக்குக் கிடையாது. ஆகவே வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஊசி முனையை எவ்வளவு சாய்ப்பது, சொட்டுக்கும் சொட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த அறையில் ஒரு நாள் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். நோயாளி சிரிப்பார், கூட வந்தவர் கடவுளுக்கு நன்றி சொல்வார், பெரிய டாக்டர் "முடிஞ்சுதுல்ல, போட்டுருவோம்" என்பார். அந்த நேரத்தில் "இல்லை, இன்னும் முடியவில்லை" என்று சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. பயத்தினால் இல்லை, அவ்வளவு பரபரப்பான நாட்கள் அவை.

அதற்கு முன் வயதானவர்களின் தோலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். உடம்பெல்லாம் அடிக்கடி திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கிறது என்றார். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் சொட்டுகளை முன்கையில் வைத்துக் குத்தினேன். ஆகாத பொருள் வைத்த இடம் தடித்து எழும்ப வேண்டும். வாழ்நாள் முழுக்க வெயிலில் கிடந்த கை, செருப்புத் தோல் மாதிரி இருந்தது. எல்லாப் புள்ளியும் அரைகுறையாக எழும்பி, எதையும் படிக்க முடியாமல் போயிற்று. எங்கள் அறையின் ஒவ்வாமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் செய்யச் சொன்னார். விவசாயிக்கு நம்பிக்கை இல்லை. "கையில வராததா தாயி முதுகுல வரப்போவுது?" என்று கேட்டார். வெயில் படாத அந்த முதுகில் புல் மகரந்தத்தின் புள்ளி கொழுக்கட்டை மாதிரி எழும்பியது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. "போட்டோ எடுத்துக் குடு தாயி" என்று போனை நீட்டினார். அங்கே உட்கார்ந்தபடியே அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வயதானவர்கள் யார் வந்தாலும் எங்கள் அறையில் முதுகில்தான் சோதனை.

இப்போது கிரேஸ் டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

தல்லாகுளத்தில் வீடு. மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர். கணவரை இழந்த தங்கை லில்லியும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். விடாத காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இதயத்தின் வால்வில் கிருமி உட்கார்ந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. அந்தக் கிருமியை அடியோடு ஒழிக்க பென்சிலின் வகை மருந்துதான் வேண்டும். ஆனால் டீச்சருடைய எல்லா மருந்துச் சீட்டிலும் மேலே சிவப்பு மையில் ஒரே வரி: பென்சிலின் ஆகாது.

ஆகவே வேறொரு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிருமி கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்த மருந்து டீச்சரின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு நாள் ரத்தப் பரிசோதனையிலும் கழிவின் அளவு ஏறிக்கொண்டே போயிற்று. அதை நிறுத்தினால் இதயம் போகும், தொடர்ந்தால் சிறுநீரகம் போகும். இந்த நெருக்கடியில்தான் இதய டாக்டர் எங்கள் அறைக்கு ஆள் அனுப்பினார். பென்சிலின் உண்மையிலேயே டீச்சருக்கு ஆகாதா என்று தோலைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் வார்டுக்குப் போய் முதலில் கதையைக் கேட்டேன். எப்போதும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"சின்னப் பிள்ளைல ஹாஸ்டல்ல இருந்தப்ப காய்ச்சல்னு ஒரு ஊசி போட்டாங்க. அங்கனயே விழுந்துட்டேன். விழுந்தது ஞாபகம் இருக்கு. எந்திரிச்சது ஞாபகம் இல்ல" என்றார் டீச்சர்.

"உடம்பெல்லாம் தடிச்சுதா? மூச்சு முட்டுச்சா? மூஞ்சி வீங்குச்சா?"

"தெரியல சிஸ்டர்."

லில்லி இடையில் புகுந்தார். "மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சாம். அம்மா சொல்லுவாங்க."

"நீ அப்ப பொறக்கவே இல்லையேடி" என்றார் டீச்சர்.

இப்படி மயங்கி விழுந்த கதைகள் நம்மிடம் நிறைய வரும். பாதிப் பேர் ஊசியைப் பார்த்த பயத்தில் விழுந்தவர்கள். மீதிப் பேர் உண்மையிலேயே எமனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கதையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. டீச்சர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை ஒரு மாதிரியானது. மருந்து ஒவ்வாமல் ஆள் சரிந்தால் நாம் போடுகிற உயிர் காக்கும் ஊசியை அது சரியாக வேலை செய்ய விடாது. அதாவது டீச்சர் விழுந்தால் தூக்கி நிறுத்துவது சாதாரணமாக இருக்காது.

வழக்கமான கேள்வியையும் கேட்டேன். "இங்க குடுக்குறது போக வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா?"

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். எல்லாம் இங்க குடுக்குறதுதான்" என்றார் லில்லி. பொய் சொல்கிற முகமே இல்லை அது. வார்டின் மருந்து அட்டையையும் பார்த்தேன். சோதனையைக் கெடுக்கிற எதுவும் அதில் இல்லை.

டீச்சரைத் தள்ளு நாற்காலியில் அறைக்குக் கொண்டுவந்து, மேஜைமேல் தலையணை போட்டுச் சாய வைத்தோம். முதுகில் மூன்று புள்ளிகள். ஒன்று உப்பு நீர், அது எழும்பவே கூடாது. ஒன்று பென்சிலின், அதுதான் கேள்வி. இன்னொன்று ஹிஸ்டமின், அது யாருக்கும் எழும்பியே தீர வேண்டும். தோல் விழித்திருக்கிறதா, பதில் சொல்லும் நிலையில் இருக்கிறதா என்று காட்டுகிற புள்ளி அதுதான்.

காத்திருந்தோம். லில்லி கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். இதய டாக்டரும் வந்து நின்றார். இளைஞர், கெட்டிக்காரர், நோயாளிக்காக ஓடுகிறவர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். நேரம் முடிந்ததும் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலின் வைத்த இடம் வழவழவென்று இருந்தது.

"ஸ்தோத்திரம்! ஒண்ணுமே வரல!" என்று லில்லி சத்தம் போட்டார். "இம்புட்டு வருஷமா சும்மாவே பயந்துக்கிட்டு இருந்திருக்கோம் பாருக்கா!"

இதய டாக்டர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சூப்பர். இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்" என்றார்.

எனக்கும் கைதட்ட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் என் விரல் அதற்குள் அடுத்த புள்ளிக்குப் போயிருந்தது. ஹிஸ்டமின் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அதுவும் வழவழவென்று இருந்தது. குத்திய தடம்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சார், ஹிஸ்டமின் எழும்பல" என்றேன்.

எங்கள் டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

இதய டாக்டர் சொன்னார்: "சார், எழுபது தாண்டின தோலு. அது எழும்பலைன்னா ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வயசுதான் காரணம். பென்சிலினும் எழும்பல, அதுதான நமக்கு வேணும்? ஆகாதுன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. கிட்னி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது சார்."

அவர் சொன்னதில் ஒன்றுகூட முட்டாள்தனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அது ஆபத்து.

எங்கள் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "வயசான தோல் மெதுவா எழும்பும். கம்மியா எழும்பும். சுத்தமா எழும்பாம இருக்காது. இந்த முதுகு நம்மகிட்ட இன்னும் வாயே திறக்கல டாக்டர். வாய் திறக்காதவங்க சரின்னு சொல்லிட்டாங்கன்னு எப்படி எடுத்துக்க?"

கரண்ட் இல்லாத வீட்டில் காலிங் பெல்லை அழுத்திவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று திரும்பிப் போகிற கதைதான் இது. உள்ளே ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்பதை இல்லை என்று படிப்பதுதான் நம் தொழிலில் ஆளைக் கொல்கிற தவறு.

"வயசு" என்கிற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மூட்டு வலித்தால் வயசு, தூக்கம் வராவிட்டால் வயசு, தோல் எழும்பாவிட்டால் வயசு. அதைச் சொன்ன உடனே நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எங்கள் டாக்டர் என்னைப் பார்த்து, "ஏதோ ஒண்ணு இவங்க தோலைக் கட்டிப்போட்டிருக்கு சிஸ்டர். அது என்னன்னு கண்டுபிடிங்க" என்றார். அவர் கீழே வார்டின் மருந்துகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனார். நான் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டீச்சர் அடிக்கடி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார். "தண்ணி குடு லில்லி, வாய் ஒட்டுது" என்றார். குடித்துவிட்டு மறுபடி கண் சொருகிப்போனார். காய்ச்சலில் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் வாய் உலர்வதும் பகலில் கண் சொருகுவதும் இன்னொன்றாலும் வரும். தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் நிறுத்துகிற மாத்திரையால். தோல் சோதனைக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. போட்டால் சில நாளைக்குத் தோல் எழும்பாது. ஆனால் அது அட்டையிலும் இல்லை, லில்லி வாயிலும் இல்லை.

கேள்வியை மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. மாத்திரை என்ற சொல்லையே எடுக்காமல் ஊர்ப் பேச்சாகக் கேட்டேன்.

"லில்லிம்மா, அந்த ஏசி வார்டுல உங்களுக்குச் சளி பிடிக்கலையா? எனக்கு மூக்கு ஒழுகிட்டே இருக்கு."

"அத ஏன் கேக்குறீங்க சிஸ்டர்! அக்காவுக்கும் பிடிச்சிருச்சு. ஒரே தும்மல்."

"ஐயோ, அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க, எதுத்தாப்ல மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கி அக்காவுக்குக் குடுத்தேன். ரெண்டு வேளையும் குடுத்துட்டுத்தான் இருக்கேன். இப்பத் தும்மல் தேவலை."

நான் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். "லில்லிம்மா, காலைல நான் வேற மாத்திரை உண்டான்னு கேட்டேனே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது மாத்திரை இல்ல சிஸ்டர். சும்மா செட்டுதான?"

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வாங்கியிருப்பீர்கள். மெடிக்கல் கடையில் போய் "சளிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே" என்றால், நாலைந்து மாத்திரைகளை அட்டையோடு துண்டு துண்டாக வெட்டி ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார். என்ன மாத்திரை என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் நம்மூரில் அது மருந்து. செட்டு என்பது இஞ்சிக் கஷாயம் வகையில் சேர்த்தி. மற்றவர்களைச் சொல்வானேன், தலைவலிக்கு வாங்கிய ஒரு செட் அன்று என் கைப்பையிலேயே இருந்தது.

லில்லி பையிலிருந்து கவரை எடுத்துத் தந்தார். பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். காய்ச்சல் மாத்திரை, சத்து மாத்திரை, அவற்றுக்கு நடுவில் குட்டியாக ஒரு மாத்திரை. அட்டையின் பின்னால் பாதி எழுத்துதான் இருந்தது, ஆனால் அது போதும். நான் தேடிய ஆள்தான்! படிக்கட்டில் நான் இறங்கி ஓடிய வேகத்தில் எதிரே வந்த வார்டுபாய் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எங்கள் டாக்டரிடம் உள்ளங்கையை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வயசாம்ல, வயசு!" என்றார்.

கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பெரிய முடிவு அதன் பிறகு காத்திருந்தது. அந்த மாத்திரையின் வேலை உடம்பிலிருந்து இறங்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை சோதனை செல்லாது. அதுவரை பழைய மருந்தைத்தான் ஏற்ற வேண்டும், அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். காத்திருப்பதா, துணிந்து போடுவதா?

இரண்டு டாக்டர்களும் வார்டு வராந்தாவில் நின்று வாதம் பண்ணினார்கள். கடைசியில் எங்கள் டாக்டர் கேட்டார்: "கிட்னி போனா டயாலிசிஸ் இருக்கு. அந்த ஊசில இவங்க சரிஞ்சா உங்ககிட்ட என்ன இருக்கு?" இதய டாக்டர் மருந்து அட்டையைக் கையில் எடுத்தார். பிறகு ரத்த அழுத்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றி எழுதினார், பழைய மருந்தின் அளவைக் குறைத்தார். காத்திருப்பது என்று முடிவாயிற்று.

டீச்சர் அரைத் தூக்கத்தில் தலையாட்டினார். லில்லி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். "நான்தான வாங்கிக் குடுத்தேன், நான்தான குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல! தினமும் காலையில் டீச்சர் முதுகில் ஹிஸ்டமின் மட்டும் ஒரு புள்ளி வைப்பேன். தோல் விழித்துக்கொண்டதா என்று பார்க்கத்தான். முதல் தடவை ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. அதே நாள் சாயங்காலம் சிறுநீர் குறைந்து, டீச்சரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். லில்லி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் தப்பான வாசலில் நின்றுகொண்டு சாவி தேடுகிறோமோ என்று பயமாகவே இருந்தது.

அதற்கடுத்த காலை லேசாக ஒரு சிவப்பு. தடிப்பு இல்லை, நிறம் மட்டும். ஆனாலும் நான் மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கும் அடுத்த காலை விளக்கைச் சாய்த்தேன். டீச்சர் முதுகில் கொசு கடித்தது போல அழகாக, உருண்டையாக, சுற்றிலும் சிவந்து, ஒரு தடிப்பு! என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு சிஸ்டர் கை தட்டுறீங்க?"

"தடிச்சிருச்சு டீச்சர்!"

"தடிச்சா கெட்டதுல்ல?"

"இது தடிக்கணும் டீச்சர். உங்க தோலு முழிச்சிருச்சு. இனிமே என்ன கேட்டாலும் பதில் சொல்லும்."

"அப்பக் கேளுங்க" என்றார்.

உடனே கேட்டோம். ஹிஸ்டமின் எழும்பியது. உப்பு நீர் எழும்பவில்லை. பென்சிலின் எழும்பவில்லை. அடுத்த கட்டமாகத் தோலுக்குள்ளே துளி மருந்து செலுத்திப் பார்த்தோம். அப்போதும் எழும்பவில்லை. அதன்பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, உண்மையான மருந்தின் முதல் சின்ன அளவை ஏற்றினோம். உயிர் காக்கும் மருந்துகள் வைத்த வண்டி பக்கத்தில் தயாராக நின்றது. இதய டாக்டர் எங்கும் போகாமல் டீச்சரின் நாடியைப் பிடித்தபடியே நின்றார். நான் டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், வீங்குகிறதா என்று. அந்த உதடு பிரிந்து, "எல்லாரும் ஏன் எம்மூஞ்சியவே பாக்குறீங்க? ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்று கேட்டது.

எங்கள் டாக்டர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. முழு அளவுக்குப் போனோம். ஒரு சொறி இல்லை, ஒரு இருமல் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்த சிவப்பு மை வரியை இதய டாக்டரே அடித்தார்.

நீங்கள் கவலைப்படாமல் மீதியைக் கேட்க வேண்டும் என்பதற்காக முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். டீச்சர் பிழைத்துக்கொண்டார். வால்வில் இருந்த கிருமி ஒழிந்தது. டயாலிசிஸ் சில தடவைகளோடு நின்றது. சிறுநீரகம் மட்டும் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து குடித்துத்தான் இருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு அவர் கொடுத்த விலை அது. அதை உங்களிடம் மறைத்தால் நான் சொன்ன கதைக்கே அர்த்தமில்லை.

நான் சொல்ல வந்த இடம் இனிமேல்தான். மருந்து ஆரம்பித்த மறுநாள் வார்டுக்குப் போனேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. துள்ளிக் குதிக்காத குறையாக உள்ளே நுழைந்தேன். டயாலிசிஸ் குழாய் இன்னும் டீச்சரின் கழுத்தில் இருந்தது. கட்டில் ஓரத்தில் நின்றிருந்த லில்லி என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"என்ன சிஸ்டர், சந்தோசமா? அன்னைக்கும் ஒண்ணும் வரல. இன்னைக்கும் ஒண்ணும் வரல. ரெண்டு நாளும் ஒரே பதில்தான? அன்னைக்கே அந்த டாக்டர் போட்டுரலாம்னு சொன்னாரு. போட்டிருந்தா எங்கக்காவுக்கு கிட்னியாவது மிஞ்சியிருக்கும். நடுவுல அம்புட்டு நாளு எதுக்கு? உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை, அதுக்கு எங்கக்கா உடம்பா கிடைச்சுது?"

அவர் குரல் கடைசியில் உடைந்துபோயிற்று. கோபத்துக்குள்ளே அந்தச் செட்டு உறுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றே போட்டிருந்தாலும் டீச்சருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது இப்போது எல்லாருக்கும் தெரியும். இதய டாக்டரும் அந்த நேரம் அங்கேதான் இருந்தார். நான் அன்றே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அன்று எங்களுக்குத் தெரியாது என்பதை எப்படிச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போலவே இருந்திருக்கும்.

கட்டிலிலிருந்து டீச்சர்தான் பேசினார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் அது.

"லில்லி, இங்க வா. எம்புட்டுப் பேப்பர் திருத்திருக்கேன் நானு. சில பேரு விடைய மட்டும் கரெக்டா எழுதி வச்சிருப்பான். மேல ஒரு வரி வழி இருக்காது. பக்கத்துல பாத்து எழுதுனானா, குருட்டாம்போக்குல எழுதுனானா, எனக்கெப்படித் தெரியும்? அவங்க அம்மாமாரு வந்து சண்டை போடுவாங்க, விடை சரியாத்தான டீச்சர் இருக்குன்னு. வழியில்லாம நான் ஒருத்தனுக்கும் மார்க் போட்டதில்ல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஊரான் பிள்ளைக்குப் போடாத மார்க்க, என் உசுருக்கு மட்டும் போடச் சொல்றியா?"

லில்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வேளை பென்சிலின் ஊசிக்கு நேரமாகியிருந்தது. டீச்சர் என் பக்கம் கையை நீட்டினார்.